குறை யாருடையது

1

நாயைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை. எழுதவைத்தது என் தாய்மாமன் கேட்ட ஒரு கேள்வி. கேட்ட அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. கேள்வியின் எல்லைகள் மட்டும் கொஞ்சம் தெளிவாகியிருக்கின்றன. அந்த அளவுக்கே இந்தக் கட்டுரை.

மாமாவின் தோட்டத்துச் சாளை கொடுமுடிக்கு மேற்கே, காளிங்கராயன் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. மஞ்சளும் கரும்பும் வெள்ளாமை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு ராஜபாளையம் குட்டிகளை வாங்கிவந்தார். ஒரே ஈற்றில் பிறந்தவை. ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. விற்றவர் அந்த வெள்ளையைத்தான் மறுபடி மறுபடி சொல்லி விலையை ஏற்றினாராம். கொஞ்ச நாள் போனபின், கூப்பிட்டால் பெட்டைக்குட்டி திரும்புவதில்லை என்பதைக் கவனித்தார்கள். இரண்டும் தூங்கும்போது எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தார்கள். கடுவன் துள்ளி எழுந்து குரைத்தது. பெட்டை தூங்கிக்கொண்டிருந்தது. "இது செவுடு மாப்ள" என்றார் மாமா. விற்றவர் மேல்கூட அவருக்குக் கோபம் இல்லை. வெள்ளைக் குட்டிகளில் இப்படி வருவதுண்டு என்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். பேரம் பேசுகிறபோது மட்டும் அதைச் சொல்வதில்லை.

போன வருஷம் கரூரிலிருந்து ஒருவர், தன் பெட்டையோடு சேர்ப்பதற்குக் கடுவனைக் கேட்டு வந்தார். நல்ல தொகை, வேண்டாமென்றால் ஈற்றில் இரண்டு குட்டி. நான் அப்போது சாளையில் இருந்தேன். சேர்க்க வேண்டாம் என்றேன். கூடப்பிறந்தது செவிடு, இதன் ரத்தத்திலும் அது இருக்கும், பிறக்கிற குட்டிகளில் எத்தனை அப்படி வருமோ என்றேன். படித்ததைச் சற்று விஸ்தாரமாகவே சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், "அப்ப நம்ம பையன் பொறந்திருக்கக் கூடாதுங்கறயா?" என்றார்.

என் அக்காவை மாமாவின் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. முறைதான். அவர்கள் பையனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேளாதவன்.

2

குறை என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். முழுமையாக இருந்த ஒன்றில் ஏதோ விட்டுப்போயிற்று என்பது அதன் உட்கிடை. முழுமை முதலில், குறை பிறகு. நல்ல வெள்ளை நாய். பாவம், அதற்குக் காது கேட்கவில்லை. நம் வாக்கியம் இப்படித்தான் அமைகிறது. உடற்கூறு இந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்வதில்லை.

கருவில் தண்டுவடம் உருவாகிற இடத்திலிருந்து சில செல்கள் புறப்பட்டு உடம்பெங்கும் பரவுகின்றன. தோலையும் முடியையும் சென்றடைபவை அங்கே நிறம் தருகின்றன. அதே கூட்டத்தைச் சேர்ந்த வேறு சில உட்காதுக்குப் போகின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதல்ல. நத்தைக்கூடு போன்ற உட்காதின் சுவரில், ரத்தக்குழாய்கள் செறிந்த ஒரு பட்டையில் தங்கி, ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் நனைந்திருக்கிற திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதுதான் அவற்றின் வேலை. பரவல் குறைந்துபோன நாய் வெள்ளையாகப் பிறக்கிறது. காதுக்கும் அவை போய்ச்சேராவிட்டால் அந்தப் பட்டை நலிந்துபோகிறது. நுண்மயிர்ச் செல்கள் சாகின்றன. நாய்க்குட்டிக்குக் காது திறப்பது பிறந்து சுமார் இரண்டு வாரத்தில். சிதைவு நடப்பது அதையடுத்த வாரங்களில். ஆகவே மாமாவின் பெட்டைக்குட்டி சில நாட்கள் எதையாவது கேட்டுக்கூட இருக்கலாம். பிறகு நின்றுபோயிருக்கும்.

வெண்மையும் செவிடும் இரண்டு விஷயங்கள் அல்ல. ஒன்று வந்து சேராததற்கு இரண்டு பெயர்கள். தோலில் வந்து சேராததை அழகு என்கிறோம். காதில் வந்து சேராததைக் குறை என்கிறோம். நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் செவிடாக இருப்பதை டார்வின் 1859இல் வெளிவந்த தன் நூலிலேயே குறித்திருக்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது, சேர்க்கை தெரிந்திருந்தது. டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் பெருந்தொகையில் பரிசோதித்தபோது, நூற்றுக்குச் சுமார் 8 இரண்டு காதும் கேளாதவை, சுமார் 22 ஒரு காது மட்டும் கேளாதவை என்று தெரிந்தது.

அந்த 22தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. இரண்டு காதும் போன நாயைத் தட்டுச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காது போனதை எந்தத் தட்டும் காட்டாது. அது குரைக்கும், கூப்பிட்டால் வரும், பரிசு வாங்கும், சினைப்படுத்தும். தன் பாதிச் செவிட்டைப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு, தான் குறையற்றதாகவே இருந்து சாகும். சமூகத்தில் இந்த ஒற்றைக்காது ஆரோக்கியம் எவ்வளவு பரவலானது என்று யோசித்துப் பார்க்கலாம்.

பக் நாயின் கதையும் இதே ஜாதிதான். 2003இல் கைபேசி விளம்பரமொன்றில் ஒரு பையன் பின்னால் ஓடிவந்த பிறகு, ஈரோடு, கரூர்த் தெருக்களிலும் அந்த நசுங்கிய முகம் தென்பட ஆரம்பித்தது. நாய்க்கு உடம்புச் சூடு தணிவது முக்கியமாக மூச்சிரைப்பில்தான். முகத்தைத் தட்டையாக்கினால் மூக்குத்துளை குறுகுகிறது. அண்ணத்தின் தசை மட்டும் சுருங்காமல் தொண்டையை அடைக்கிறது. சித்திரை வெயிலில் அது படுகிற பாட்டை, கொஞ்சுகிறது என்று நினைத்துச் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை விரும்பினோம். அந்த மூச்சுத்திணறல் அந்த முகமேதான்.

3

இதை யார் செய்தது? ராஜபாளையத்தில் வெள்ளை வேண்டுமென்றவர்கள் செவிட்டை விரும்பியவர்கள் அல்லர். அந்த இனத்தில் நிறமுள்ள குட்டிகளும் பிறக்கும். அவற்றைக் கொன்றுவிட்டு வெள்ளையை மட்டும் வளர்க்கிற வழக்கம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஈற்றிலும் ஒருவர் குனிந்து பார்த்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று பிரித்திருக்கிறார். பிரித்த கைகள் பல, ஆட்கள் பல, தலைமுறைகள் பல. எந்த ஒரு கையிலும் செவிடு இல்லை. தொகையில் இருக்கிறது.

நோக்கம் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லை என்பது பழைய நியாயம். இங்கே அது போதவில்லை. நோக்கம் ஒரு ஆளுக்கு உரியது. ரசனை ஆளுக்கு உரியதாகத் தோன்றினாலும் கூட்டத்தால் நடத்தப்படுவது. நாம் கவிதை விமர்சனத்தில் ரசனையைப் பொறுப்பிலிருந்து விடுவித்தே பேசிவந்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான் என்பது அங்கே ஒரு கடைசி வாக்கியம். உயிருள்ள ஒன்றின் மேல் ரசனை தலைமுறை தலைமுறையாகச் செயல்படும்போது அது கடைசி வாக்கியமாக இருக்க முடியாது. பிடித்தது ஒரு உடம்பாகி, அந்த உடம்பு ஒரு வாழ்க்கையை வாழ வேண்டியிருக்கிறது.

வெள்ளை நாயின் விஷயத்தில் குறை நாம் விரும்பிய பண்பிலேயே இருக்கிறது. இன்னொரு விதக் குறை உண்டு. அது விரும்பிய பண்போடு சம்பந்தமில்லாமல், மூடிய வம்சத்துக்குள் ஒளிந்து வருவது. சுவடிப் பதிப்பு தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடியது ஏன்? ஒரு ஏட்டின் பிழையை இன்னொரு ஏடு திருத்தும் என்பதால். கிடைத்த ஏடுகள் எல்லாமே ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியவை என்றால், பத்து ஏடு இருந்தும் பயனில்லை. பத்திலும் அதே பிழை இருக்கும். நம் உடம்பிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு ஏடுகள், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பிழையில்லாத ஏடு எவரிடமும் இல்லை. பல பிழைகள் ஒரு ஏட்டில் இருக்கும்வரை தெரியாது, இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். தாயும் தந்தையும் ஒரே மூதாதையின் ஏட்டைப் பார்த்து எழுதியவர்களாக இருந்தால், அதே பிழை இரண்டிலும் வந்து விழ வாய்ப்பு கூடுகிறது. அப்போது திருத்த ஆளில்லை.

இதற்கு நான் அறிந்த மிகப் பெரிய உதாரணம் ஒரு காளை. வங்கியில் கறவை மாட்டுக் கடன் மனுக்களை எழுதுகிறவன் நான். மாட்டின் இனம் என்ற கட்டத்தில் ஜெர்சி கலப்பு, ஹோல்ஸ்டீன் கலப்பு என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அந்த ஹோல்ஸ்டீன் இனத்தில், அமெரிக்காவில், 1962இல் பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்றொரு காளை பிறந்தது. அதன் மகள்கள் ஏராளமாகப் பால் கறந்தன. உறைந்த விந்து வழியாக அதற்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள், 20 லட்சத்துக்கு மேல் கொள்ளுப்பேத்திகள். அதனிடம் ஒரு பிழை இருந்தது. ஒரு ஏட்டில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வம்சம் பெருகி, அதன் சந்ததிகள் தமக்குள்ளேயே சேர்ந்தபோது, இரண்டு ஏட்டிலும் பிழை பெற்ற கன்றுகள் கருவிலேயே அழிந்தன.

அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் இதை 2011இல் கண்டுபிடித்த விதம் அசாதாரணமானது. அவர்கள் நோயுற்ற மாடு எதையும் பார்க்கவில்லை. மரபணு வரிசையில் ஒரு குறிப்பிட்ட துண்டு பல மாடுகளில் ஒற்றையாக இருந்தது. கணக்குப்படி சில மாடுகளிலாவது இரட்டையாக இருந்திருக்க வேண்டும். ஒரு மாட்டிலும் இல்லை. இல்லாதவற்றைக் கொண்டு குறையைக் கண்டார்கள். பிறக்காத கன்றுகளின் எண்ணிக்கை உலகமெங்கும் சுமார் 5,25,000 என்று பின்னால் மதிப்பிட்டார்கள். நஷ்டம் 42 கோடி டாலர். அதே காளையால் கூடுதலாகக் கறந்த பாலின் லாபம் 3,000 கோடி டாலர்.

பேரேடு எழுதுகிறவனாக எனக்கு இந்தக் கணக்கில் குற்றம் தெரியவில்லை. வரவு செலவைப்போல எழுபது மடங்கு. குற்றம் தெரியவில்லை என்பதுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. பற்று ஒருவருடைய பக்கத்திலும் வரவு இன்னொருவருடைய பக்கத்திலும் எழுதிவிட்டு, இரண்டையும் ஒரே கணக்காகக் கூட்டியிருக்கிறோம். கன்று இழந்தது மாடு. பால் பெற்றவர்கள் நாம். அறம் என்பது குறைந்தபட்சம், யாருடைய கணக்கு எது என்று கேட்பதாக இருக்க வேண்டும்.

4

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது லேசானதல்ல. தூய இனம் என்று பிடிவாதம் பிடித்தவர்களால்தான் நாட்டு இனங்கள் மிஞ்சியிருக்கின்றன. காங்கேயம் மாட்டைப் பாருங்கள். கவலை ஓட்டிய கிணறுகளில் மின்சார மோட்டார் வந்தது; உழவுக்கு டிராக்டர் வந்தது; பாலுக்குக் கலப்பினம் வந்தது. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்த கொறங்காடுகள் குறைந்தன. சிவப்பாகப் பிறந்து ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற அந்தக் கன்று, யாரோ சிலர் "எங்க பட்டியில வேற ரத்தம் சேர்க்க மாட்டமுங்க" என்று நின்றதால்தான் இன்னும் கண்ணபுரம் சந்தைக்கு வருகிறது. ராஜபாளையம் நாய்க்கும் அப்படியே. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதுவும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் தொடர்ந்து எழுதியிராவிட்டால் நாட்டு நாய் என்றாலே தெருநாய் என்கிற அறியாமையில்தான் இருந்திருப்போம். காப்பதற்குக் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. சாத்திய அறைக்குள் எண்ணிக்கை குறையக் குறைய, ஒரே ஏட்டின் நகல்கள்தான் மிச்சம். காப்பதும் கெடுப்பதும் ஒரே செயலின் இரு முனைகள்.

இதிலிருந்து வெளியே வர வழியே இல்லையா? டால்மேஷியன் சம்பவம் ஒன்று இருக்கிறது. அந்த இனத்தின் எல்லா நாய்களுக்கும் யூரிக் அமிலம் அதிகம். சிறுநீரில் கல் அடைத்துப் பல அவதிப்படும். இனம் முழுக்க இரண்டு ஏட்டிலும் பிழை. உள்ளுக்குள் தேடித் திருத்த வழியில்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷியனை, பாயிண்டர் என்ற அண்டை இன நாய் ஒன்றோடு, ஒரே ஒரு முறை சேர்த்தார். பிறந்ததில் அமிலம் குறைவானதைத் தேர்ந்து மறுபடி டால்மேஷியனோடு, அதன் பிள்ளையை மறுபடி டால்மேஷியனோடு என்று தொடர்ந்தார்கள். பத்துத் தலைமுறை கழிந்தால் அந்த வெளிநாயின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். புள்ளி அதே புள்ளி, நடை அதே நடை. கல் மட்டும் இல்லை. 1981இல் அமெரிக்கப் பதிவுச் சங்கம் இப்படி இரண்டு நாய்களைச் சேர்த்துக்கொண்டது. டால்மேஷியன் வளர்ப்போர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கதவு மூடப்பட்டது. மறுபடி திறந்தது 2011இல்.

முப்பது வருஷம். எதைக் காக்க? நாயை அல்ல; நாய் மாறவே இல்லை. காத்தது பதிவேட்டை. பேரேட்டில் ஒரு வரி வெளியார் பெயராக இருக்கக் கூடாது என்பதற்காக, நாய் கல்லடைத்து அவதிப்படலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். தூய்மை ரத்தத்தில் இருப்பதல்ல, ஏட்டில் இருப்பது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டியதில்லை.

பதிவேடு எதைக் கணக்கில் வைக்கிறதோ அதை மட்டுமே அது பார்க்கும். எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். அண்ணன் தங்கை முறை. ஏழெட்டுத் தலைமுறையாகத் தொடர்பே அற்றுப்போன பங்காளி வீட்டிலும் எடுக்க மாட்டார்கள். ஆனால் மாமன் மகள் வேறு கூட்டம். எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். கூட்டம் தந்தைவழிப் பெயரை மட்டும் எழுதும் ஏடு. என் அக்காவுக்கும் அவள் கணவனுக்கும் அப்புச்சியும் அம்மிச்சியும் ஒரே ஆட்கள் என்பது அந்த ஏட்டில் எங்கும் எழுதப்படவில்லை. அவன் பக்கத்தில் அவர்களுக்கு அப்பாரு, ஆத்தா என்று வேறு பெயர். தோட்டம் வெளியே போகாது, பெண் கண்முன்னால் இருப்பாள்: அன்புதான், கணக்குத்தான், இரண்டையும் பிரிக்க முடியாது. கல்யாணத்தன்று பந்தியில் பரிமாறியவர்களில் நானும் ஒருவன். நாய்க்கு நான் சொன்ன நியாயத்தை அன்று நான் சொல்லவில்லை.

தூய்மை பட்டியோடும் கல்யாணப் பந்தலோடும் நின்றுவிடுகிற சொல்லும் அல்ல. 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, வேறு சாதிப் பெண்ணை மணந்த இளைஞன் ஒருவன் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டான். ஏட்டில் ஒரு வரி தவறாக எழுதப்பட்டுவிட்டது என்பதற்குமேல் அதற்கு என்ன காரணம் இருந்தது?

நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். சில நூறு பிரதிகள் அச்சடித்து, நமக்குள்ளேயே படித்து, நமக்குள்ளேயே மேற்கோள் காட்டி, வெளியிலிருந்து வருகிற எதையும் வணிகம் என்றோ பிரசாரம் என்றோ ஒதுக்குகிற நம் சிறு கூட்டத்துக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது. நம் கவிதைகளில் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வருகிற அதே இருட்டறை, அதே ஜன்னல், அதே தனிமை. இவற்றைப் பாணி என்கிறோம். ஒரே ஏட்டின் பிழையாகவும் இருக்கலாம்.

5

இங்கேயே நிறுத்திவிட்டால் கட்டுரை ஒழுங்காக முடிந்துவிடும்: மூடாதே, கலந்துகொள், குறை தீரும். மாமாவின் கேள்வி அதற்கு இடம் தரவில்லை.

குறையை நீக்குவது என்ற லட்சியத்துக்கும் சரித்திரம் உண்டு. 1933 ஜூலையில் ஜெர்மனியில் நாஜி அரசு பரம்பரை நோயுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் பிறவிச் செவிடும் இருந்தது. 1934 முதல் 1945 வரை சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். ரத்தத்தைக் கலக்கவிடாத அதே ஆட்கள்தான் குறையையும் பிறக்கவிடாதவர்கள். இது முரண் அல்ல. நிறமுள்ள குட்டியை நேற்றுக் கொன்றவர் செவிட்டுக் குட்டியை இன்று கொல்கிறார். குனிந்து பார்த்து வேண்டும், வேண்டாம் என்று பிரிக்கிற கை ஒன்றே. குறையை உண்டாக்குகிற தூய்மையும் குறையை ஒழிக்கிற தூய்மையும் ஒன்றே என்பதை மறந்துவிட்டு மரபியல் பேசினால், மாமா கேட்டது போன்ற கேள்வியை யாராவது கேட்டே தீர வேண்டும்.

டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1984இல் வந்த ஒரு புத்தகத்தில் இதன் கூர்மையான வடிவத்தை எழுப்பினார். என் அக்காளை வேறு இடத்தில் கொடுத்திருந்தால் கேட்கிற காதோடு ஒரு பிள்ளை பிறந்திருக்கலாம்; ஆனால் அது இவன் அல்ல, வேறொருவன். இவன் பிறக்க வேறு வழியே இருக்கவில்லை. ஆகவே அந்தக் கல்யாணம் இவனுக்குத் தீங்கு செய்தது என்று சொல்ல முடியாது. இவனுக்கு அது கொடுத்தது வாழ்க்கை. வெள்ளைப் பெட்டைக்கும் அப்படியே. அது வெள்ளையாக, செவிடாக மட்டுமே பிறந்திருக்க முடியும். தீங்கு நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது; யாருக்கு என்று கேட்டால் காட்ட ஆளில்லை.

இந்தத் தர்க்கத்தை உடைக்க என்னால் முடியவில்லை. ஆனால் அது இரண்டு காலங்களை ஒன்றாக்குகிறது என்று நினைக்கிறேன். இன்னும் பிறக்காததைப் பற்றி முடிவெடுக்கும்போது நம் முன்னால் ஒரு ஆள் இல்லை. நம் கோரிக்கை மட்டுமே இருக்கிறது. வெள்ளை வேண்டும், தோட்டம் வெளியே போகக் கூடாது, பால் கூட வேண்டும். அந்தக் கோரிக்கையை விசாரிக்கலாம், கைவிடலாம், கைவிட்டே ஆக வேண்டிய நேரமும் உண்டு. நார்வேயில் உச்ச நீதிமன்றம் 2023இல் கவலியர் நாய்களை இப்போதிருக்கிற முறையில் இனப்பெருக்கம் செய்வதைச் சட்டவிரோதம் என்று உறுதிசெய்தது. அங்கே தீர்ப்பு எந்த ஒரு நாயின் மேலும் அல்ல. அந்தக் கோரிக்கையின் மேல். பிறந்தபின் நிலைமை வேறு. பிறந்தபின் நம் முன்னால் ஒரு முகம் இருக்கிறது. இருந்திருக்க வேண்டுமா என்று ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அதனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உனக்கு என்ன வேண்டும்.

நாயைச் சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னது தவறல்ல. சொன்ன விதம் தவறு. குறை கடுவனின் ரத்தத்தில் இருப்பதாகச் சொன்னேன். வெள்ளையைக் கேட்ட எங்கள் வாயில் இருப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். பிறந்த குறை, நாம் கேட்ட ஒன்றுக்கு வந்த ரசீது. ரசீதைக் கிழித்துப்போடுவதால் வாங்கியது இல்லையென்று ஆகிவிடாது.

6

பையனுக்கு மூன்று வயதில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், கோயமுத்தூரில் வலது காதுக்குள் கருவி பொருத்தினார்கள். ஆறு வயதுக்குள் பொருத்த வேண்டும் என்பதால் அலைந்து முடித்தோம். பேசுகிறான், பள்ளிக்கூடம் போகிறான். ராத்திரி வெளிக்கருவியைக் கழற்றிவைத்துவிட்டால் அவனுக்குச் சத்தமில்லை. செவிட்டுப் பெட்டையை அவன் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. திண்ணைப் பலகையைக் காலால் தட்டுவான். அதிர்வுக்குத் தலை தூக்கும். அந்த வீட்டில் முதலில் இதைக் கண்டுபிடித்தது அவன்தான்.

கடுவனைப் பற்றியும் அவன்தான் சொன்னான். கரூர்க்காரர் மறுபடி வந்த அன்று அவர் வாசலில் நின்று விசில் அடித்தார். நாய் எழுந்தது, எதிர்ப்பக்கம் பார்த்தது, சுற்றிவந்து பிறகுதான் அவரைக் கண்டது. பையன் சிரித்துவிட்டு, "அதுக்கும் ஒரு காதுதான் மாமா" என்றான். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறவனுக்குச் சத்தம் வருவது தெரியும், எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அவனுக்கு அது அன்றாடம். இரண்டு காதும் உள்ள நாங்கள் மூன்று வருஷமாக அதை ஆரோக்கியமான நாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கரூர்க்காரரிடம், "இதுக்கு ஒரு காது கேக்காதுங்க. கூடப் பொறந்தது முழுச் செவுடு. வெள்ளைன்னா அப்படித்தான் வருமுங்க. கலர் குட்டி பொறந்தா வளர்த்துவீங்களா, சொல்லுங்க, அப்பறம் பார்க்கலாம்" என்றார். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். இன்னும் வரவில்லை.

என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி மாமா அதற்குப் பிறகு பேசவில்லை. நானும் பேசவில்லை. அக்காவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அடுத்து ஒரு பெண் இருக்கிறாள், நாலு வயது, கேட்கிற காது. என் பையனுக்கு ஐந்து. முறை என்று இப்போதே வீட்டில் கேலி பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.